விட்ட நடையைத் திரும்பப் பிடிக்க: நான்கு வழிகளும் என் இடது காலும்

மாவுக்கட்டை வெட்டி எடுத்த அன்று என் இடது காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கெண்டைச்சதை வற்றிப்போய், தோல் செதில் செதிலாக உரிந்து, வலது காலோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் காலைக் கொண்டுவந்து ஒட்டவைத்தது மாதிரி இருந்தது. மழை ஈரத்தில் வீட்டு மாடிப்படியில் வழுக்கியதில், பாதத்தில் சுண்டுவிரலுக்குப் போகும் எலும்பில் விரிசல். ஆறு வாரக் கட்டு. புத்தூர் கட்டுப் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் எழுந்து நடந்திருப்பேன் என்று சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது வேறு கதை.

எலும்பு கூடிவிட்டது. மற்றது எதுவும் கூடவில்லை. விழுவதற்கு முன்னால் ஏழு மாதம், தினமும் விடிகாலை ஐந்தே முக்காலுக்குக் கோவை ரேஸ்கோர்ஸில் இருப்பேன். அங்கே நடைபாதை ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். இரண்டு சுற்று என் கணக்கு. போனில் இருக்கும் செயலி ‘212 நாள் தொடர்ச்சி’ என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி சோற்றை விட்டிருந்தேன், காப்பியில் சர்க்கரையை விட்டிருந்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.8க்கு இறங்கியிருந்தது. அப்புறம் கட்டோடு கிடந்த ஆறு வாரம், கட்டைப் பிரித்த பிறகும் ‘இன்னும் கால் சரியாகலை’ என்று சொல்லிக்கொண்டு ஓட்டிய சில வாரம், நடுவில் ஒரு தீபாவளி. டிசம்பர் பரிசோதனையில் 7.9. செயலியில் தொடர்ச்சி: 0.

அதன் பிறகு எட்டு மாதத்தில் நான்கு விதமாகத் திரும்பி வரப் பார்த்தேன். விட்ட இடத்திலிருந்தே பிடிப்பது, நல்ல நாள் பார்த்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்குவது, காசு கட்டி ஜிம்மில் சேர்வது, வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாகத் தொடங்குவது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது யாருக்கு என்பது ஓரளவு தெரிகிறது. எனக்கு நடைப்பயிற்சி, உங்களுக்கு அது யோகாவாக இருக்கலாம், சிகரெட்டை விட்டதாக இருக்கலாம், தினமும் வீணை எடுத்து உட்காருவதாக இருக்கலாம். கணக்கு பெரிதாக மாறாது என்றுதான் நினைக்கிறேன். சிகரெட்டுக்கு மட்டும் மருத்துவ உதவி வேண்டியிருக்கும்.

தலைக்கு மேல் வெள்ளம்

வழிகளுக்குப் போகும் முன், நாம் எதனால் திரும்பி வருவதில்லை என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம்.

தீபாவளியன்று மதியம் ஒரு அதிரசம் சாப்பிட்டேன். அதில் தப்பில்லை. ஆனால் தின்று முடித்த கையோடு உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது: இன்றைக்குக் கெட்டது கெட்டாச்சு, நாளையிலிருந்து பார்க்கலாம். சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று அதிரசம், கைப்பிடி கைப்பிடியாக மிக்சர், எதிர்வீட்டிலிருந்து வந்த மைசூர்பாகில் பாதி. தலைக்கு மேல் வெள்ளம் வந்தபின் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்பது இதுதான்.

இதை ஆய்வுக்கூடத்தில் வைத்தே பார்த்திருக்கிறார்கள். 1975இல் பீட்டர் ஹெர்மன் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள். அப்புறம் ‘ருசி பார்த்துச் சொல்லுங்கள்’ என்று ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தால் அப்படித்தானே. டயட்டில் இருப்பவர்கள் நேர்மாறு. மில்க் ஷேக் குடித்த டயட்காரர்கள், குடிக்காத டயட்காரர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீமை உள்ளே தள்ளினார்கள். விரதம் கலைந்தாச்சு, இனி என்ன என்ற மனசுதான் காரணம்.

ஆகவே ஒரு நாள் விடுபட்டதால் வரும் நஷ்டம் சின்னது. அதன் பேரில் நாமே போட்டுக்கொள்ளும் வட்டி பெரிது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் குழுவும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக ஓடும் நிலைக்கு வர நடுவான கணக்கில் 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். ‘21 நாள் செய்தால் பழக்கம்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை இதோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை.

எச்பிஏ1சியும் ஏறக்குறைய அப்படித்தான். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. ஒரு தீபாவளியால் மட்டும் அது 7.9க்குப் போகாது. தீபாவளியைச் சாக்காக வைத்து விட்ட வாரங்களால் போகும்.

முதல் வழி: விட்ட இடத்திலிருந்தே

டிசம்பர் முடிவைக் கையில் வாங்கிய மறுநாளே ரேஸ்கோர்ஸ் போனேன். முதல் நாள் ஒரு சுற்று. இரண்டாம் நாளும் ஒரு சுற்று. மூன்றாம் நாள் பழையபடி இரண்டு. மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். வழக்கமாகப் பார்க்கும் பெரியவர் ஒருவர், “ஏனுங்க, கட்டு அவுத்தாச்சுங்களா? பழைய ஸ்பீடு வந்துருச்சாட்ட இருக்குதுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினேன்.

ஆறாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தபோது இடது குதிகாலில் ஆணி ஏறியதுபோல் வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்தால் குறைகிறது. உட்கார்ந்து எழுந்தால் மறுபடி. ஆறு வாரம் சும்மா கிடந்த கெண்டைச்சதையும் பாதத்தின் அடிநாரும் இறுகியிருக்கும், அதன் மேல் திடீரென்று ஐந்து கிலோமீட்டரை ஏற்றினால் இப்படித்தான் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். மூன்று வாரம் நடை நிறுத்தம். ஆக, திரும்பி வந்த ஆறு நாளுக்கு விலை இருபத்தொரு நாள்.

இந்த வழியில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும். நாரும் எலும்பும் மெதுவாகத்தான் வரும். மூச்சு வாங்காததால் உடம்பு தயார் என்று நினைத்துக்கொள்கிறோம். நினைவு வேறு சேர்ந்துகொள்கிறது. நாம் ஒப்பிடுவது நேற்றைய உடம்போடு இல்லை, விழுவதற்கு முந்தைய நாளின் உடம்போடு.

படுக்கை எவ்வளவு தின்னும் என்பதற்கு 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த ஆய்வைச் சொல்வார்கள். இருபது வயது ஆரோக்கியமான பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். இதயமும் நுரையீரலும் சேர்ந்து உடம்புக்கு ஆக்சிஜன் கொடுக்கும் திறன் கால்வாசிக்கு மேல் விழுந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை, ஐம்பது வயதில், மறுபடி அளந்தார்கள். முப்பது வருட வயது அந்தத் திறனில் செய்த சேதத்தைவிட மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. ஆனால் அதே ஆய்வின் பின்பாதி இன்னும் முக்கியம்: அந்த ஐம்பது வயதுக்காரர்களுக்கு நடை, மெதுவோட்டம், சைக்கிள் என்று படிப்படியாக ஏற்றி ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். வயதால் போன திறன் முழுவதும் திரும்பி வந்தது. ஆறு மாதம், படிப்படியாக. என்னை மாதிரி மூன்றாம் நாளில் இல்லை.

சரி, இந்த வழி யாருக்குமே ஆகாதா? ஆகும். ஊருக்குப் போனது, ஆடிட் நேரத்து வேலை, பிள்ளையின் பரீட்சை என்று ஒரு வாரம் பத்து நாள் விட்டவர்கள் விட்ட இடத்திலிருந்தே பிடிக்கலாம். உடம்பு அதற்குள் பெரிதாக எதையும் இழந்திருக்காது. காய்ச்சல், அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி என்றால் இதைத் தொடாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நடக்காமல் இருந்த மாதங்களில் மருந்தின் அளவைக் கூட்டியிருப்பார்கள். அதே அளவோடு திடீரென்று ஒரு மணி நேரம் நடந்தால் சர்க்கரை தாழ்ந்து நடைபாதையிலேயே மயங்க நேரும். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் காலை வையுங்கள்.

இரண்டாவது வழி: தை ஒன்றிலிருந்து

குதிகால் ஆறிக்கொண்டிருந்தபோது பொங்கல் வந்தது. நாள் பார்க்காமல் நாம் எதைத் தொடங்கியிருக்கிறோம்? ஆடியில் எதையும் தொடங்க மாட்டோம், அஷ்டமி நவமியில் தொடங்க மாட்டோம், திங்கட்கிழமைக்காக வியாழனிலிருந்தே காத்திருப்போம். தை ஒன்று முதல் நடை, யோகா, ராத்திரி ராகி, ஒன்பதரைக்குத் தூக்கம், போனுக்கு எட்டு மணிக்குப் பூட்டு என்று ஒரு தாளில் எழுதி பீரோவின் உள்பக்கம் ஒட்டினேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

நாள் பார்ப்பதைக் கேலி செய்ய நான் தயாராக இல்லை; அதில் சரக்கு இருக்கிறது. ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், வருடத் தொடக்கம், பிறந்தநாளுக்குப் பின் என்று ஒவ்வொரு புதுத் தொடக்கத்திலும் ஜிம்முக்கு வருகிறவர்கள் கூடுவதைக் காட்டினார்கள். பழைய ஆள் வேறு, இன்றைக்குத் தொடங்கும் ஆள் வேறு என்று மனசு கோடு போட்டுக்கொள்கிறது. விழுந்து எழுந்தவனுக்கு அந்தக் கோடு தேவைதான்.

கோளாறு இரண்டு இடத்தில். ஒன்று, காத்திருக்கும் நாட்கள் கணக்கில் வராது. மார்கழியின் கடைசிப் பத்து நாள் நான் தின்றதை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். தையிலிருந்துதான் நிறுத்தப்போகிறோமே என்ற தைரியம். (உண்மையில் மார்கழிதான் நடைக்கு வாகான மாதம். கோலம் போட, கோயிலுக்குப் போக என்று தெருவே விழித்திருக்கும், குளிருக்கு நடை சுகமாக இருக்கும். அதைப் போய் ‘காத்திருக்கும் மாதம்’ ஆக்கினேன்.) இரண்டு, ஐந்து பழக்கத்தை ஒரே கயிற்றில் கட்டினால் ஒன்று அறுந்ததும் எல்லாம் விழும். தை பதினோராம் நாள் ராத்திரி ஒரு விசேஷ வீட்டில் பதினொன்றரை ஆகிவிட்டது. தூக்கம் போச்சு, அதனால் காலை நடை போச்சு, நடை போனதால் யோகா எதற்கு, அதுவும் போச்சு. மறுபடி சாணும் முழமும்.

விட்டுப் பல மாதமாகி, எப்படித் தொடங்குவது என்றே தெரியாமல் இருப்பவர்கள் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். அந்த நாள் அடுத்த ஏழு நாளுக்குள் இருக்கட்டும். அந்த நாளில் தொடங்குவது ஒரே ஒரு காரியமாக இருக்கட்டும்.

மூன்றாவது வழி: காசும் கம்பெனியும்

காசு கொடுத்தால்தான் நமக்குப் புத்தி வரும் என்று மைத்துனர் சொன்னார். மாசியில் வீட்டுக்குப் பக்கத்து ஜிம் ஒன்றில் வருடச் சந்தா பன்னிரண்டாயிரம் கட்டினேன். மாதச் சந்தா ஆயிரத்து ஐந்நூறு. வருடத்துக்குக் கட்டினால் ஆறாயிரம் லாபம் என்று கவுன்ட்டரில் இருந்த தம்பி கால்குலேட்டரில் தட்டிக் காட்டினான். மொத்தம் போனது பதினோரு நாள். நாளுக்கு ஆயிரத்துத் தொண்ணூறு ரூபாய் சொச்சம்.

நான் மட்டும் ஏமாளி இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஸ்டெஃபானோ டெல்லாவினா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2006இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே ஏறக்குறைய ‘ஜிம்முக்குப் போகாமலிருக்கப் பணம் கட்டுவது’ என்பதுதான். அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் ஏழாயிரத்துச் சொச்சம் உறுப்பினர்களின் கணக்கைப் பார்த்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நான்கு தடவைக்குக் கொஞ்சம் மேல் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. அதே ஜிம்மில் பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்து டாலர்தான். சந்தா கட்டும்போது நாம் வாங்குவது இனி வரப்போகும் நம்மைப் பற்றிய ஒரு நல்ல அபிப்பிராயத்தை. காசு பையை விட்டுப் போன பிறகு அது நம்மை எழுப்புவதில்லை. விடிகாலையில் போர்வைக்குள் இருப்பவனுக்குப் பன்னிரண்டாயிரம் பழைய கதை.

கம்பெனி அப்படி இல்லை. ஆள் காத்திருந்தால் எழுந்து போகிறோம். ரேஸ்கோர்ஸில் அருகம்புல் சாறு விற்கிற இடத்தில் தினமும் கூடுகிற மூன்று பேர் இருக்கிறார்கள்; மூவரும் ஓய்வு பெற்றவர்கள், அதில் ஒருவர் பழைய மில் சூப்பர்வைசர். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு நாள் போகவில்லை என்றால் போன் வரும்: “ஏந்தம்பி, ஒடம்புக்குச் சரியில்லீங்களா?” ஜிம்மிலிருந்து எனக்கு ஒரு தடவை போன் வந்தது, சலுகை விலையில் அடுத்த வருடத்துக்கு இப்போதே கட்டலாம் என்று.

கூட்டாளி வழியின் பலவீனம், அவர்கள் வேகம் உங்கள் வேகமாக இருக்காது என்பது. இரண்டு சுற்று போகிறவர்களோடு போய்விட்டு ஒரு சுற்றில் நிறுத்த முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இன்னொன்று, இரண்டு வாரம் விட்டுவிட்டால் அவர்கள் முகத்தில் முழிக்கவே சங்கடம். திரும்பி வருவதற்கு உதவ வேண்டிய ஆளே திரும்பி வருவதற்குத் தடையாகிவிடலாம். ஒருவர் அப்படிப் பாதையை மாற்றி, எங்களைப் பார்க்காமல் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தார் என்று கேட்டபோது சிரிப்பு வந்தது. அப்புறம், தையில் நானும் அதைத்தான் செய்தேன் என்பது ஞாபகம் வந்தது.

நான்காவது வழி: முதல் பெஞ்ச் வரை

இது பிசியோதெரபிஸ்ட் சொன்னது. “ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிஷம். அவ்வளவுதான். பதினொண்ணாவது நிமிஷம் வேண்டாம்.” எனக்கு அவமானமாக இருந்தது. ஐந்து கிலோமீட்டர் நடந்தவனுக்குப் பத்து நிமிடம்! தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்பினால் முடிந்துவிடும். செருப்பை மாற்றக்கூட வேண்டாம்.

ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் லேசுப்பட்டதில்லை. நியூசிலாந்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 41 பேரை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தினமும் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடப்பதையும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டார்கள். மொத்த நேரம் ஒன்றுதான். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை, பத்துப் பத்தாக நடந்தபோது சராசரியாக 12 சதவீதம் குறைவு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம் குறைவு. நம் ஊர் ராத்திரிச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். எட்டரைக்கு நாலு தோசை, அப்புறம் சோபா.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. முன்பெல்லாம் அதில் ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது தொடர்ந்து இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2020இல் வந்த வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். ஆறு நிமிடமும் கணக்கில் சேரும். பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பிடித்துத் தொங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’. எண் அங்கிருந்துதான் உலகம் சுற்ற ஆரம்பித்தது. செயலியில் அந்த வட்டம் நிறையாத நாளெல்லாம் வீணான நாள் என்று நான் நம்பியிருந்தேன். அந்தச் செயலியை இப்போது போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

இந்த வழிக்கும் குறை உண்டு. முதல் ஆறு வாரம் எடையில் ஒரு கிலோகூட அசையவில்லை. பத்து நிமிடத்திலேயே நின்றுவிடுகிற அபாயமும் இருக்கிறது; இதுவே போதும் என்று மனசு சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். நான் மூன்றாம் வாரத்திலிருந்து காலையில் ரேஸ்கோர்ஸையும் சேர்த்தேன், ஆனால் அளவைப் பெஞ்ச் கணக்கில் வைத்துக்கொண்டேன். முதல் பெஞ்ச் வரை போய்த் திரும்புவது, அடுத்த வாரம் இரண்டாவது. முழுச் சுற்று வர ஏழு வாரம் ஆனது. தையில் போட்ட திட்டப்படி நான் அதற்குள் மூன்று சுற்று போயிருக்க வேண்டும்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

எந்த வழி சீக்கிரம் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் என்று கேட்டுத்தான் நான் மூன்று தடவை தவறாகத் தேர்ந்தெடுத்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: மறுபடி நாலு நாள் விடுபடும்போது எது தாங்கும்? விடுபடப்போவது நிச்சயம். கல்யாணம், மழை, ஜுரம், மாமனார் ஆஸ்பத்திரியில், ஏதாவது ஒன்று.

அந்தக் கேள்வியைப் போட்டால், விட்ட இடத்திலிருந்தே பிடிக்கும் வழி தாங்காது. திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் ஐந்து கிலோமீட்டர் மலையாக முன்னால் நிற்கும். நாள் பார்க்கும் வழி அடுத்த நல்ல நாள் வரை தூங்கப் போய்விடும். சந்தா எதையும் தாங்காது, காசு போனதுதான். கூட்டாளி வழி தாங்கும், போன் செய்கிற மாதிரி கூட்டாளியாக இருந்தால். சின்னதாகத் தொடங்குவதுதான் நான்கிலும் நன்றாகத் தாங்குகிறது. பத்து நிமிடத்துக்குத் திரும்பி வர யாருக்கும் மலைப்பு இருக்காது.

இதற்கு ஒத்தாசையாக ஒரு பெரிய சோதனை இருக்கிறது. 2021இல் மில்க்மனும் ஏராளமான ஆய்வாளர்களும் சேர்ந்து, அமெரிக்காவில் பல கிளைகள் உள்ள ஒரு ஜிம்மின் 61,293 உறுப்பினர்களிடம் 54 விதமான நான்கு வாரத் திட்டங்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் மேலாக நின்றது எது தெரியுமா? ஒரு நாள் வராமல் விட்டவர், அடுத்த முறை தவறாமல் வந்தால் கூடுதலாக ஒரு சின்னப் பரிசு என்ற திட்டம். பரிசு சுமார் ஒன்பது சென்ட் மதிப்பு. நம் ஊரில் ஒரு டீக்குக்கூடக் காணாது. அதற்கே ஜிம்முக்கு வருவது 27 சதவீதம் கூடியது. விடாமல் வந்தவருக்குப் பரிசு கொடுப்பதுதான் உலக வழக்கம். இவர்கள் திரும்பி வந்தவருக்குக் கொடுத்தார்கள். (நான்கு வாரம் முடிந்த பிறகும் பலன் தெரிந்தது 54இல் மிகச் சில திட்டங்களுக்குத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாயமந்திரம் எதுவும் இல்லை.)

ஆகவே இப்போது என்னுடையது கலப்பு. அடிப்படை, ராத்திரி பத்து நிமிடம். அதன் மேல் வாரத்தில் நான்கைந்து நாள் காலையில் கூட்டாளிகளோடு சுற்று. இதோடு திரும்பி வரும் நாளுக்கென்று ஒரு தனி அளவு வைத்திருக்கிறேன்: எத்தனை நாள் விட்டாலும் வந்த முதல் நாள் முதல் பெஞ்ச் வரைதான், காலுக்குத் தெம்பு இருந்தாலும் அவ்வளவுதான். திரும்பியதும் அருகம்புல் சாறு ஒன்று. ஒன்பது சென்டுக்குப் பதிலாக. ‘இரண்டு நாள் தொடர்ந்து விடாதே’ என்ற விதியையும் முயன்று பார்த்தேன், எனக்கு ஒத்துவரவில்லை. ஊருக்குப் போனால் மூன்று நாள் ஆகிறது. விதி உடைந்தால் மறுபடி தலைக்கு மேல் வெள்ளம்.

சாப்பாட்டுக்கு மட்டும் என் தீர்ப்பு நேர்மாறு. அங்கே கொஞ்சம் கொஞ்சமாக என்பது எனக்குப் பலிக்கவில்லை. ‘ராத்திரி ஒரு கரண்டி சோறு குறைத்துக்கொள்கிறேன்’ என்றால் அந்தக் கரண்டியின் அளவு நாளுக்கு நாள் மாறும். குழம்பு நன்றாக இருந்தால் அன்றைக்கு ஞாபகமே இருக்காது. ராத்திரி சோறே வடிப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்ததும் இரண்டே நாளில் சரியாகிவிட்டது. நடக்கிற கால் ஒருவருடையது. சமையலறை எல்லோருடையது, அங்கே முடிவு ஒரே தடவை எடுத்தால் போதும். காப்பியில் சர்க்கரையும் அப்படித்தான். அரைக்கரண்டி, கால்கரண்டி என்று இறக்கியபோது ஒவ்வொரு படியிலும் வாயில் ஒரு குறை. அடியோடு நிறுத்தியதும் பத்து நாள் கசந்தது, அப்புறம் டிகாஷன் ருசி தெரிய ஆரம்பித்தது. சிலருக்கு இது மாறி இருக்கலாம். எங்கள் வீட்டிலேயே அவள் கால்கரண்டியில் நின்றுவிட்டாள், சந்தோஷமாக இருக்கிறாள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். விட்டதற்குக் காரணம் காலோ கல்யாணமோ இல்லாமல், வீட்டில் ஒரு சாவோ, வேலை போனதோ, எதிலும் மனம் ஒட்டாத வாரங்களோ என்றால் மேலே சொன்ன ஒப்பீடு எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே நடைக்கு முன்னால் தூக்கமும் சாப்பாடும் பேச ஓர் ஆளும் வேண்டும். வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். என் அப்பா இறந்த வருடம் நான் ஆறு மாதம் எதையும் தொடவில்லை. அந்த ஆறு மாதத்தை விடுபட்ட நாட்கள் என்று நான் கணக்கு வைத்துக்கொள்வதே இல்லை.

ஜூலைப் பரிசோதனையில் 7.1. இன்னும் 6.8 வரவில்லை. இடது கெண்டைக்கால் வலதைவிட ஒரு விரல் மெலிவுதான், டேப் வைத்து அளந்தேன். நாளை மறுநாள் பொள்ளாச்சியில் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம்; ஆவணி முகூர்த்தம், ராத்திரி விருந்து, மறுநாள் மறுவீடு என்று நாலு நாள் ஆகிவிடும். சாறு விற்கிறவரிடம் இன்றைக்கே சொல்லிவிட்டு வந்தேன், வியாழக்கிழமை சீக்கிரமே வருவேன், ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள் என்று.